அம்பாசிடர் காரின் காலப்பொருத்த எஞ்சின்

பழைய காரை மீட்டெடுக்கும்போது, தொழிற்சாலையிலிருந்து அதனுடன் வந்த எஞ்சின் கிடைக்காமல் போவதுண்டு. அப்போது அந்தக் கார் தயாரான காலத்தில் அதே மாடலில் பொருத்தப்பட்ட அதே வகை எஞ்சின் ஒன்றைத் தேடிப் பொருத்துவார்கள். இதைக் காலப்பொருத்த எஞ்சின் என்பர். இந்தியாவில் இந்தத் தேடல் அதிகம் தேவைப்படும் கார்களில் ஒன்று இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனத்தின் அம்பாசிடர். 1957 முதல் 2014 வரை தயாரான இந்தக் காரின் வெளித்தோற்றம் சிறிதளவே மாறியது. ஆனால் அதன் எஞ்சின்கள் மாறிக்கொண்டே வந்தன. ஓர் அம்பாசிடர் எந்தக் காலத்தைச் சேர்ந்தது என்பதைச் சொல்லும் முக்கியச் சான்றுகளில் ஒன்று அதன் எஞ்சின். அதே எஞ்சின்தான் உரிமையாளர்கள் அதிகம் கழற்றி மாற்றிய பாகமும் ஆகும்.

மூன்று நிலைகள்

மீட்டெடுக்கப்பட்ட கார்களின் எஞ்சின்களைப் பொதுவாக மூன்று நிலைகளாகப் பிரிக்கலாம்.

முதலாவது, தொழிற்சாலையில் அந்தக் காருக்கென்றே பொருத்தப்பட்ட எஞ்சின். இதன் எண், காரின் ஆவணங்களில் உள்ள எண்ணுடன் ஒத்துப்போகும். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சேகரிப்பாளர்கள் இதை ‘எண் பொருத்தம்’ உள்ள கார் என்று தனியாகக் குறிப்பிடுவார்கள். அத்தகைய காரின் விலை மற்றவற்றைவிடக் கூடுதலாக இருக்கும்.

இரண்டாவது, காலப்பொருத்த எஞ்சின். எண் வேறாக இருந்தாலும் வகை, கொள்ளளவு, தயாரிப்புக் காலம், துணைக் கருவிகள் ஆகியவை அந்தக் காரின் காலத்துக்கு உரியவையாக இருக்கும்.

மூன்றாவது, பிற்காலத்து எஞ்சின் அல்லது வேறு வண்டியின் எஞ்சின். கார் ஓடும், ஆனால் அது எந்தக் காலத்துக் கார் என்பதற்கு எஞ்சின் சான்றாக இருக்காது.

இரண்டாம் நிலைக்கும் மூன்றாம் நிலைக்கும் இடையிலுள்ள எல்லை அம்பாசிடரைப் பொறுத்தவரை எளிதில் மங்கிவிடும். அதற்கான காரணம் அந்தக் காரின் வரலாற்றில் உள்ளது.

அம்பாசிடரின் தோற்றம்

இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1942இல் குஜராத்தின் ஓகா துறைமுகத்தில் பிர்லா குழுமத்தால் தொடங்கப்பட்டது. 1948இல் மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவுக்கு இடம்பெயர்ந்தது. இங்கிலாந்தின் மோரிஸ் கார்களை உரிமம் பெற்று இங்கே தயாரிப்பது அதன் வழக்கம். மோரிஸ் ஆக்ஸ்போர்டு எம்.ஓ. காரின் இந்திய வடிவம் இந்துஸ்தான் 14 ஆனது. ஆக்ஸ்போர்டு இரண்டாம் வரிசையின் இந்திய வடிவம் லேண்ட்மாஸ்டர் ஆனது. ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைதான் அம்பாசிடர்.

இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசை 1956 முதல் 1959 வரை மட்டுமே தயாரானது. அங்கே சில ஆண்டுகளில் வழக்கொழிந்த அந்த உடல் இந்தியாவில் அரை நூற்றாண்டுக்கு மேல் வாழ்ந்தது. 1963இல் முகப்புக் கிரில் மாற்றப்பட்டு மார்க் 2 என்ற பெயர் வந்தது. 1975இல் மார்க் 3, 1979இல் மார்க் 4, 1990இல் நோவா என்று பெயர்கள் தொடர்ந்தன. கிரில், விளக்கு, டேஷ்போர்டு போன்றவை மாறினாலும் கூரையும் கதவுகளும் பெரும்பாலும் பழைய வடிவிலேயே நீடித்தன.

எஞ்சின்களின் வரிசை

பக்கவால்வு எஞ்சின் (1957–1959)

முதல் அம்பாசிடர்களில் 1476 சி.சி. பக்கவால்வு எஞ்சின் இருந்தது. இது ஆக்ஸ்போர்டு எம்.ஓ. காரின் காலத்தைச் சேர்ந்த வடிவமைப்பு. சிலிண்டரின் உள்விட்டம் 73.5 மி.மீ.; பிஸ்டன் மேலும் கீழும் செல்லும் தூரம் 87 மி.மீ. இந்த எஞ்சினில் வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கவாட்டில், பிளாக்கினுள்ளேயே அமைந்திருக்கும். அதனால் சிலிண்டர் ஹெட் ஒரு தட்டையான மூடியைப் போல இருக்கும். ஸ்பார்க் பிளக்குகள் அதன் மேலிருந்து செருகப்பட்டிருக்கும். பானெட்டைத் திறந்ததும் கண்ணாலேயே அடையாளம் காணக்கூடிய எஞ்சின் இது.

பி வரிசை பெட்ரோல் எஞ்சின் (1959 முதல்)

1959இல் பக்கவால்வு எஞ்சினின் இடத்தை 1489 சி.சி. பி வரிசை எஞ்சின் பிடித்தது. ஆஸ்டின் நிறுவனமும் மோரிஸின் தாய் நிறுவனமான நஃபீல்டும் 1952இல் இணைந்து உருவான பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் எஞ்சின் இது. இதில் வால்வுகள் ஹெட்டில் அமைந்திருக்கும். புஷ்ராடும் ராக்கரும் அவற்றை இயக்கும். ஹெட்டின் மேல் தகரத்தாலான ராக்கர் கவர் இருக்கும். திறன் சுமார் 55 குதிரைத்திறன். உள்விட்டம் 73.025 மி.மீ., பிஸ்டன் செல்லும் தூரம் 88.9 மி.மீ. பழைய எஞ்சினுடன் ஒப்பிட்டால் உள்விட்டத்தில் அரை மில்லிமீட்டர் கூட வேறுபாடில்லை. ஆனாலும் இரண்டும் முற்றிலும் வேறு எஞ்சின்கள். ஒன்றின் பிஸ்டனோ ஹெட்டோ மற்றதற்கு உதவாது.

இங்கிலாந்தில் இதே குடும்பத்து எஞ்சின்கள் ஆஸ்டின் கேம்பிரிட்ஜ், எம்.ஜி.ஏ., எம்.ஜி.பி. உள்ளிட்ட கார்களில் பயன்பட்டன. 88.9 மி.மீ. என்ற தூரத்தை மாற்றாமல் உள்விட்டத்தை மட்டும் கூட்டி 1588, 1622, 1798 சி.சி. எஞ்சின்களை அந்த நிறுவனம் உருவாக்கியது. இவற்றின் வெளித்தோற்றம் ஏறக்குறைய ஒன்றே. அதனால் கண்ணால் பார்த்து மட்டும் கொள்ளளவைச் சொல்லிவிட முடியாது.

உத்தர்பாராவில் 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தயாரானது. அதே நிறுவனத்தின் ட்ரெக்கர் வண்டியிலும் 1984இல் வந்த முதல் கான்டெசா கார்களிலும் இது இடம்பெற்றது.

டீசல் எஞ்சின் (1980 முதல்)

1980இல் அம்பாசிடர் டீசல் வெளிவந்தது. டீசலில் ஓடும் காராக இந்தியாவில் தயாரான முதல் கார் இதுவே. இதன் எஞ்சினும் பி வரிசையைச் சேர்ந்தது. கொள்ளளவும் அதே 1489 சி.சி. திறன் மட்டும் 37 குதிரைத்திறன். எனவே விற்பனைக்கு வரும் எஞ்சினைப் பற்றி ‘அம்பாசிடர் 1489’ என்று மட்டும் சொன்னால் அது பெட்ரோலா டீசலா என்பதே தெரியாது.

இசுசு எஞ்சின் (1990களின் தொடக்கம் முதல்)

1990களின் தொடக்கத்தில் ஜப்பானின் இசுசு நிறுவனத்தின் 1817 சி.சி. பெட்ரோல் எஞ்சின் ஐந்து கியர் பெட்டியுடன் வந்தது. திறன் 75 குதிரைத்திறன். இந்த மாற்றத்துக்குப் பின் அம்பாசிடர் வேகமாக ஓடும் காரானது. பழைய பி வரிசையுடன் இதற்குத் தொடர்பில்லை.

எஞ்சின்கள் ஏன் மாற்றப்பட்டன

பெரும்பாலான பழைய அம்பாசிடர்கள் தம் முதல் எஞ்சினை இழந்ததற்கு விபத்தோ அலட்சியமோ மட்டும் காரணமல்ல. முதன்மையான காரணம் எரிபொருள் செலவு.

1973இல் உலக எண்ணெய் நெருக்கடி ஏற்பட்டு பெட்ரோல் விலை ஏறியது. விவசாயத்துக்கும் சரக்குப் போக்குவரத்துக்கும் உதவும் பொருட்டு டீசலின் விலையை அரசு குறைவாக வைத்திருந்தது. பெட்ரோல் விலைக் கட்டுப்பாடு 2010இலும் டீசல் விலைக் கட்டுப்பாடு 2014இலும்தான் நீக்கப்பட்டன. இடைப்பட்ட காலத்தில் அன்றாடம் நெடுந்தூரம் ஓடும் வாடகைக் கார்களுக்கு டீசலே கட்டுப்படியானது. தொழிற்சாலையிலிருந்து டீசல் கார் வாங்க முடியாதவர்கள், தம்மிடமிருந்த பெட்ரோல் அம்பாசிடரின் எஞ்சினை இறக்கிவிட்டு மாட்டடார் வேன் போன்ற வண்டிகளின் டீசல் எஞ்சினை ஏற்றிக்கொண்டனர். எஞ்சின் தாங்கிகளை வெட்டி ஒட்டி, ரேடியேட்டரை மாற்றி, கியர் பெட்டியைப் பொருத்தி இந்த வேலையைச் செய்து தரும் பட்டறைகள் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் பரவலாக இருந்தன.

இறக்கப்பட்ட பெட்ரோல் எஞ்சின்கள் காயலான் கடைகளுக்குச் சென்றன. சில உதிரிபாகங்களாகப் பிரிந்தன. பல, இரும்பு விலைக்கு உருக்கப்பட்டன.

பக்கவால்வு எஞ்சின்களின் கதை வேறு. 1959க்குப் பின் அவற்றின் உதிரிபாகங்கள் அருகின. அதே காருக்குக் கூடுதல் திறனுள்ள பி வரிசை எஞ்சின் எளிதாகக் கிடைத்தபோது, பழையதைப் பழுதுபார்ப்பதற்கு யாருக்கும் தேவை எழவில்லை. அதனால் இன்று எஞ்சின் தேடலில் மிகக் கடினமானது 1957–1959 காலத்து அம்பாசிடருக்கு உரிய பக்கவால்வு எஞ்சினைக் கண்டுபிடிப்பதுதான்.

தேடும் முறை

தேடலின் முதல் படி காரின் காலத்தை உறுதிசெய்வது. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள பதிவு நாள், தயாரிப்பு ஆண்டு, சேசிஸ் எண் ஆகியவை இதற்கு அடிப்படை. முன்பதிவு செய்து ஆண்டுக்கணக்கில் காத்திருந்து கார் வாங்கிய காலத்தில், பதிவு நாளும் தயாரிப்பு நாளும் நெருங்கியே இருந்தன. ஆனால் ஆண்டின் இறுதியில் தயாரான கார் அடுத்த ஆண்டில் பதிவாகியிருக்கலாம். 1959 போன்ற மாற்ற ஆண்டுகளில் இந்தச் சில மாத வேறுபாடே எந்த எஞ்சின் பொருத்தமானது என்பதை மாற்றிவிடும்.

இரண்டாவது படி காரிலேயே உள்ள தடயங்களைப் படிப்பது. எஞ்சின் தாங்கிகள் வெட்டப்பட்டுள்ளனவா, ரேடியேட்டர் சட்டம் நகர்த்தப்பட்டுள்ளதா, எரிபொருள் குழாய் வேறு வழியில் செல்கிறதா என்பவை பழைய மாற்றங்களைக் காட்டும். வெட்டப்பட்ட தாங்கிகளைச் சரிசெய்யாமல் சரியான எஞ்சினை வாங்கி வைத்தும் பயனில்லை.

மூன்றாவது படி கொடை வண்டியைத் தேடுவது. பி வரிசை எஞ்சினுக்கு அதே காலத்து அம்பாசிடரே முதல் தேர்வு. பக்கவால்வு எஞ்சினுக்கு லேண்ட்மாஸ்டரும் இந்துஸ்தான் 14ம் கைகொடுக்கும். உள்நாட்டில் கிடைக்காதபோது இங்கிலாந்தில் மோரிஸ் ஆக்ஸ்போர்டு எம்.ஓ. காரின் எஞ்சினைத் தேடலாம். அந்தக் கார் 1948 முதல் 1954 வரை அங்கே தயாரானது.

சென்னையில் புதுப்பேட்டை, கொல்கத்தாவில் மல்லிக் பஜார், டெல்லியில் மாயாபுரி ஆகியவை பழைய வாகன உதிரிபாகங்களுக்குப் பெயர்பெற்ற சந்தைகள். முழு எஞ்சின் அங்கே கிடைக்காவிட்டாலும் ஹெட், கார்புரேட்டர், டைனமோ போன்றவை தனித்தனியே கிடைப்பதுண்டு. சிறு நகரங்களில் அம்பாசிடர் வேலை மட்டுமே பார்த்துவந்த மூத்த மெக்கானிக்குகளின் பட்டறைகளும் இத்தகைய பாகங்களுக்கு இடமாகும்.

நான்காவது படி எஞ்சினைச் சோதிப்பது. பிளாக்கில் உள்ள எஞ்சின் எண் தகடு, வார்ப்பு எழுத்துகள் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். பிரிட்டனில் தயாரான பி வரிசை எஞ்சின்கள் பலவற்றில் எண்ணின் முன்னொட்டே கொள்ளளவைச் சொல்லும். 15 என்பது 1500 வகுப்பையும் 18 என்பது 1800 வகுப்பையும் குறிக்கும். எண் தகடு பிடுங்கப்பட்டிருந்தாலோ எண் அரவி அழிக்கப்பட்டிருந்தாலோ அந்த எஞ்சினை வாங்காதிருப்பதே நல்லது. திருட்டு வண்டியின் எஞ்சினாக அது இருக்கக்கூடும். கொள்ளளவில் ஐயம் இருந்தால் ஹெட்டைக் கழற்றி உள்விட்டத்தை அளப்பதே இறுதிச் சோதனை. போர் அடித்த எஞ்சினில் உள்விட்டம் சற்றுக் கூடுதலாக இருக்கும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

எஞ்சின் கட்டுதல்

பல ஆண்டுகள் கிடப்பில் இருந்த எஞ்சினை அப்படியே ஏற்றி ஓட்ட முடியாது. அதைப் பிரித்து, கழுவி, வெடிப்பு உள்ளதா என்று பார்த்து, மீண்டும் கட்ட வேண்டும். லேத் பட்டறையில் சிலிண்டருக்குப் போர் அடித்து அடுத்த அளவு பிஸ்டன் போடலாம். போர் அடிக்க இடமில்லாத அளவுக்குத் தேய்ந்திருந்தால் ஸ்லீவ் இறக்கி முதல் அளவுக்கே கொண்டுவரலாம். கிராங்க் ஷாஃப்டைத் தீட்டி அதற்கேற்ற பேரிங் போடுவார்கள். அம்பாசிடரின் 1489 சி.சி. எஞ்சினில் கிராங்க்கை மூன்று முதன்மைப் பேரிங்குகள் மட்டுமே தாங்குவதால் ஆயில் அழுத்தம் சரியாக இருப்பது இன்றியமையாதது.

இந்தப் பணியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு மாற்றம் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளப்படுகிறது. பழைய எஞ்சின்கள் ஈயம் கலந்த பெட்ரோலுக்காக வடிவமைக்கப்பட்டவை. ஈயத்தின் படிவு, வால்வு அமரும் இடம் தேயாமல் காத்தது. 2000ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் இந்தியா முழுவதும் ஈயமற்ற பெட்ரோலே விற்கப்படுகிறது. அதனால் ஹெட்டில் கடினமான உலோகத்தாலான வால்வு சீட்டுகளைப் பதிப்பது வழக்கம். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களை அரிக்கும் என்பதால் அவற்றையும் மாற்றுவார்கள். இவை எஞ்சினின் வகையையோ தோற்றத்தையோ மாற்றுவதில்லை. ஓடும் நிலையில் அதைக் காப்பாற்றுகின்றன.

துணைக் கருவிகளும் காலத்தைக் காட்டும். சரியான பிளாக்கின் மேல் பிற்காலத்து ஆல்டர்னேட்டரும் புதுவகைக் காற்று வடிகட்டியும் இருந்தால் அது முழுமையான காலப்பொருத்தம் ஆகாது. தொடக்ககால அம்பாசிடரில் மின்சாரம் தந்தது டைனமோ.

சட்டமும் ஆவணமும்

இந்தியாவில் எஞ்சின் எண் ஆர்.சி. புத்தகத்தில் பதியப்படுகிறது. எஞ்சினை மாற்றினால் அதை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவித்து ஆவணத்தில் திருத்தம் பெறுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் உரிமையாளரின் கடமை. ஆகவே கொடை எஞ்சினுடன் அதன் ஆவணங்களையும் பெறுவது அவசியம்.

2021 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் பழமை வாகனங்களுக்கான விதிகளை அறிவித்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்த, வணிகப் பயன்பாட்டில் இல்லாத இரு சக்கர, நான்கு சக்கர வாகனங்கள் இதன்கீழ் வரும். வாகனம் தன் மூல வடிவில் பேணப்பட்டிருக்க வேண்டும். சேசிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் எதுவும் செய்யப்பட்டிருக்கக் கூடாது. புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். மறுபதிவுக்கு 5,000 ரூபாய். பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும். முன்பே பதிவான வாகனங்கள் தம் பழைய எண்ணை வைத்துக்கொள்ளலாம்.

இந்த விதியால் எஞ்சின் தேடல் ஆர்வலர்களின் விருப்பம் என்ற நிலையைக் கடந்து சட்டத் தேவையாகவும் ஆனது. மார்க் 2 அம்பாசிடர்கள் பலவும் 50 வயதைக் கடந்துவிட்டன. வேன் எஞ்சினுடன் ஓடும் ஒரு மார்க் 2, மூல வடிவில் உள்ளது என்று வாதிடுவது கடினம். அதே காலத்து அதே வகை எஞ்சினும் முறையான ஆவணமும் உள்ள காருக்கு அந்தச் சிக்கல் குறைவு.

பென்ட்லி வழக்கு

எஞ்சின் மாறிய கார் அதே கார்தானா என்ற கேள்வி 1990இல் லண்டன் உயர் நீதிமன்றத்தின் முன் வந்தது. 1929, 1930 ஆகிய இரண்டு ஆண்டுகளும் பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் வென்ற ‘ஓல்டு நம்பர் ஒன்’ என்ற பென்ட்லி காரை ஒரு கோடி பவுண்டுக்கு விற்க ஒப்பந்தமாகியிருந்தது. அந்தக் காரில் 6.5 லிட்டர் எஞ்சின் இருந்த இடத்தில் 1932இல் 8 லிட்டர் எஞ்சின் பொருத்தப்பட்டது. அதே ஆண்டு புரூக்லாண்ட்ஸ் பந்தயத்தில் அது விபத்துக்குள்ளாகி ஓட்டுநர் இறந்தார். பின்னர் கார் வேறு உடலுடன் மீண்டும் கட்டப்பட்டது. வெற்றிபெற்ற காலத்துப் பாகங்கள் பெரும்பாலும் எஞ்சவில்லை என்பதால் இது அந்தக் காரே அல்ல என்று வாங்க ஒப்பந்தம் செய்தவர்கள் வாதிட்டனர்.

நீதிபதி ஓட்டன் விற்றவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். பாகங்கள் மாறியிருந்தாலும் அந்தக் காரின் வரலாறு எங்கும் அறுபடவில்லை. ஒவ்வொரு மாற்றமும் ஒரே காருக்குள் நிகழ்ந்தது. எனவே அந்தப் பெயருக்கு உரிய கார் அதுவே என்பது தீர்ப்பின் சாரம். அதே வேளையில், மூலப் பாகங்கள் உள்ள கார் என்பதும் தொடர்ச்சியான வரலாறு உள்ள கார் என்பதும் வெவ்வேறு கூற்றுகள் என்று தீர்ப்பு பிரித்துக் காட்டியது. இதனால் மீட்டெடுப்பவர்களுக்குக் கிடைத்த பாடம், எஞ்சின் மாறுவதைவிட அந்த மாற்றம் மறைக்கப்படுவதே காரின் அடையாளத்துக்குக் கேடு என்பது.

வரலாற்று மதிப்பு

அம்பாசிடருக்கு இந்தப் பாடம் இரண்டு பக்கமும் வெட்டும். 1965ஆம் ஆண்டு மார்க் 2 காரிலிருந்து மாட்டடார் எஞ்சினை இறக்கி 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினை ஏற்றினால், தொழிற்சாலை வடிவம் திரும்பக் கிடைக்கும். ஆனால் டீசல் எஞ்சினும் ஒரு வரலாற்றுச் சான்றுதான். பெட்ரோல் விலை ஏறிய காலத்தில் ஒரு குடும்பம் அந்தக் காரை வைத்துப் பிழைத்ததற்கும், உள்ளூர்ப் பட்டறைகளின் திறமைக்கும் அது சாட்சி. தொழிற்சாலை வடிவத்தை மீட்கும்போது இந்த இரண்டாம் வரலாறு அழிந்துபோகிறது.

எனவே கவனமாகப் பணிசெய்யும் மீட்டெடுப்பாளர்கள் சில நடைமுறைகளைப் பின்பற்றுகின்றனர். இறக்குவதற்கு முன் பழைய எஞ்சினையும் அதன் தாங்கிகளையும் படமெடுத்து வைப்பது முதலாவது. காரின் முதல் பிளாக் வெடித்த நிலையில் கிடைத்தாலும் அதை இரும்புக்குப் போடாமல் காருடன் வைத்திருப்பது இரண்டாவது. வார்ப்பிரும்பு வெடிப்புகளை உலோகத் தையல் முறையில் சரிசெய்யும் வாய்ப்பு பின்னாளில் கிடைக்கலாம். புதிதாகப் பொருத்திய எஞ்சினில் பழைய எண்ணைப் பொறிக்காமல், அது எந்தக் காரிலிருந்து எப்போது வந்தது என்பதை எழுதி ஆவணங்களுடன் சேர்ப்பது மூன்றாவது. பிறிதோர் எஞ்சினில் மூல எண்ணைப் பொறிப்பது சட்டப்படி குற்றமாவதுடன், பின்வரும் ஆய்வாளர்களைத் தவறான முடிவுக்கும் இட்டுச்செல்லும்.

உத்தர்பாரா ஆலையில் 2014 மே மாதம் உற்பத்தி நின்றது. அம்பாசிடர் என்ற பெயரை 2017இல் பிரான்சின் பூஜோ நிறுவனம் 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது. 1489 சி.சி. எஞ்சின் இனிப் புதிதாக வரப்போவதில்லை. இருப்பவற்றில் எது எந்தக் காலத்தது, எந்தக் காரிலிருந்து வந்தது என்ற பதிவு இருந்தால்தான் அம்பாசிடரின் எஞ்சின் வரலாற்றைப் பிற்காலத்தவர் சரியாக அறிய முடியும்.